கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு டனல்: மைக்ரோடிக்கா, ஓப்பன்டபிள்யூஆர்டியா?

சிங்கப்பூரில், லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் இருப்பது செங்காங்கில். கடையின் நெட்வொர்க் என் தலையில் எப்படி விழுந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துத் தொலைத்தால் பிரின்டர் முதல் கேமரா வரை எல்லாம் அவன் கணக்கில்தான் எழுதப்படும். 2020இல் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் ஊரடங்கு வந்தபோது கடை திறந்திருந்தது, ஆனால் வேலையில்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. வீட்டிலிருந்தே கடையைப் பார்க்க ஒரு டனல், அதாவது இணையத்தின் ஊடே பூட்டிய தனிப் பாதை, வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் வந்தது.

கையில் கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றிக் கடையில் வைத்தேன். (இனி சுருக்கமாக ஓப்பன். முழுப் பெயரைத் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்துவிடும்.) 2022இல் வீட்டுக்கு ஒரு மைக்ரோடிக் வாங்கினேன், ரவுட்டர்ஓஎஸ் என்ற சொந்த மென்பொருளோடு வரும் ரவுட்டர். மூன்று வருஷம் அந்த முனையில் ஒன்று, இந்த முனையில் இன்னொன்று என்று ஓட்டிவிட்டு 2025இல் கடையையும் மைக்ரோடிக்குக்கு மாற்றினேன். ஆக, நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது ரகசியம் இல்லை. காரணம்தான் கொஞ்சம் நீளம்.

கடையில் தேவை பெரிதாக ஒன்றும் இல்லை. பில் கவுண்டரும் கார்டு மெஷினும் ஒரு வீலேன் (ஒரே கம்பியில் ஓடினாலும் தனியாகப் பிரிந்து நிற்கும் நெட்வொர்க்), ஆறு கேமராவும் ரெக்கார்டரும் இன்னொன்று, வேலை செய்பவர்களின் போன்களுக்கு மூன்றாவது. கேமராக்கள் வெளியே இணையத்தைத் தொடக் கூடாது, போன்கள் பில் கவுண்டரைத் தொடக் கூடாது. நானும் மாமாவும் மட்டும் வெளியிலிருந்து டனல் வழியாக உள்ளே வர வேண்டும்.

இந்த அளவுக்கு இரண்டுமே தாராளம். வீலேன் என்பது 802.1கியூ என்ற பொதுத் தரம்: ஒவ்வொரு தகவல் துண்டிலும் ஒரு டேக், அதில் எந்த வீலேன் என்று சொல்லும் எண். பெட்டி மாறினால் இது மாறாது. ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) மட்டும் தரும் பழைய சிங்டெல் இணைப்பில் இணையம் வீலேன் 10இலும் தொலைக்காட்சிப் பெட்டி வீலேன் 20இலும் வரும். இரண்டிலும் அதைப் பிரித்தெடுக்கலாம். டனல் போடும் வயர்கார்டும் இரண்டிலும் உண்டு. விலையும் பெரிய வித்தியாசம் இல்லை: நூறு வெள்ளிக்குள் ஐந்து போர்ட் உள்ள மைக்ரோடிக் ஹெக்ஸ் கிடைத்தது, ஓப்பனுக்கோ பரணில் கிடக்கும் பெட்டியே போதும். இலவசம், திறந்த மூலம் என்ற வாதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விட்டுவிடுகிறேன்.

வீலேன் அமைப்பதில் ஓப்பன் ஒரு படி மேல். அதன் நிர்வாகப் பக்கமான லூசியில் பிரிட்ஜை (போர்ட்களை ஒன்றாகக் கோக்கும் மென்பொருள் சுவிட்ச்) திறந்தால் ஒரு கட்டம் வரும். வரிசைக்கு ஒரு வீலேன், பத்திக்கு ஒரு போர்ட். ஒவ்வொரு கட்டத்திலும் டேக் உண்டு, டேக் இல்லை, சேர்க்கவே வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். எங்கள் ரெக்கார்டர் எந்தப் போர்ட், ஆக்சஸ் பாயிண்ட் எந்தப் போர்ட் என்று ஒரே பார்வையில் தெரியும்.

மைக்ரோடிக்கில் அதே வேலை மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். போர்ட்டுக்குப் பிவிஐடி (டேக் இல்லாமல் வருவது எந்த வீலேன் என்ற எண்) ஓரிடத்தில், வீலேன் பட்டியல் இன்னோரிடத்தில், ரவுட்டரே அந்த வீலேனில் பேசுவதற்கான இன்டர்ஃபேஸ் மூன்றாவது இடத்தில். 2022இல் நான் அமைத்தபோது இதில் எல்லாரும் தடுக்கி விழும் கல் ஒன்று இருந்தது. வீலேன் பட்டியலில் டேக் உள்ள உறுப்பினராக வெளிப் போர்ட்களை மட்டும் போட்டால் போதாது, பிரிட்ஜின் பெயரையும் போட வேண்டியிருந்தது. அது ரவுட்டரின் சிபியுவுக்குப் போகும் வாசல். போடாமல் வீலேன் ஃபில்டரிங்கை (வீலேன் பிரிப்பைத் தொடங்கும் சுவிட்ச்) இயக்கினால் ரவுட்டர் நம்மை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. எல்லாவற்றையும் முதலில் எழுதிவிட்டு அந்த ஒரு சுவிட்சைக் கடைசியில் போட வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்தது, மூன்றாவது ரீசெட்டுக்குப் பிறகு.

இன்னொரு பொறி: வீலேனுக்கு ஒரு பிரிட்ஜ் என்று மூன்று நான்கு பிரிட்ஜ் கட்டுவது. வேலை செய்யும், ஆனால் ஹெக்ஸ் போன்ற சின்னப் பெட்டியில் ஒரு பிரிட்ஜைத்தான் சுவிட்ச் சிப் ஏற்றுக்கொள்ளும். மீதியெல்லாம் சிபியு தலையில். ஒரே பிரிட்ஜ், அதற்குள் எல்லா வீலேனும் என்பதுதான் வழி.

சரி, ஓப்பன் இவ்வளவு சுலபம் என்றால் ஏன் மாற்றினேன்? பராமரிப்பு.

ரவுட்டரை அமைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்குப் பிறகு அது வருஷக்கணக்கில் ஓட வேண்டும், அந்த வருஷங்களில் அப்டேட் போட வேண்டும். அதுவும் எங்கிருந்து? கடை இருப்பது தேக்காவில், நான் செங்காங்கில். வடகிழக்கு ரயிலில் ஏறினால் நேராக லிட்டில் இந்தியா, மாறக்கூட வேண்டாம். ஆனாலும் ஒரு பெட்டியைத் தொட ஒவ்வொரு முறையும் ரயில் ஏறுவதாக இருந்தால் டனல் எதற்கு?

ஓப்பனில் முதல் அடி 2021இல் விழுந்தது. நான் வைத்திருந்தது 19.07 பதிப்பு. அடுத்து 21.02 வந்தபோது என் பெட்டி மாதிரிப் பலவற்றில் சுவிட்சைக் கையாளும் முறையே மாறி டிஎஸ்ஏ என்று வந்துவிட்டது. பழைய அமைப்பை அப்படியே தூக்கிச் செல்ல முடியாது. வீலேன் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். இது நல்லதுக்குத்தான் நடந்தது, மேலே சொன்ன அழகான கட்டமே அதனால் வந்ததுதான். ஆனாலும் ஒரு ராத்திரி போனது.

இரண்டாவது அடி 2025 தொடக்கத்தில். 24.10 வந்திருந்தது. ராத்திரி கடை மூடிய பிறகு, வீட்டு மேசையில் உட்கார்ந்து, டனல் வழியாகவே கடை ரவுட்டருக்குள் போய், அமைப்பை வைத்துக்கொள் என்பதை டிக் செய்து, புதிய இமேஜை (முழு மென்பொருள் கட்டு) ஏற்றினேன். பெட்டி மறுபடி கிளம்பியிருக்கும், இணையமும் வந்திருக்கும். டனல் மட்டும் வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அப்புறம்தான் பொறி தட்டியது: வயர்கார்டு ஓப்பனின் அடிப்படை இமேஜில் கிடையாது, நாமாகச் சேர்க்கும் பேக்கேஜ். இமேஜை ஏற்றும்போது அமைப்புக் கோப்புகள் தங்கும், சேர்த்த பேக்கேஜ்கள் போய்விடும். என் சாவிகள், முகவரிகள் எல்லாம் கடை ரவுட்டரில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் படித்து டனலைக் கிளப்பும் ஆள்தான் அங்கே இல்லை. உட்கார்ந்திருந்த கிளையை நானே அறுத்திருக்கிறேன்.

போன் அடித்தது.

“மாப்ளே, போன்ல கடை தெரியலையே?”

“நாளைக்குக் காலையில சரியாயிடும் மாமா.”

“திருடன் காலையில வருவானா?”

மறுநாள் வேலைக்குப் போகும் முன் முதல் ரயிலில் போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவே மடிக்கணினியை வைத்து, பேக்கேஜைச் சேர்த்தேன். பத்து நிமிஷ வேலை. தவறு முழுக்க என்னுடையது. பேக்கேஜ்கள் தங்காது என்று அவர்களுடைய ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அவர்களுடைய ஃபர்ம்வேர் செலக்டர் இணையப் பக்கத்தில் வேண்டிய பேக்கேஜ்களின் பெயரைக் கொடுத்து, எல்லாம் அடங்கிய இமேஜை நமக்கென்றே தயாரித்து வாங்கலாம். அதற்குப் பின் ஒருமுறை அப்படிச் செய்தேன், சிக்கல் இல்லாமல் போனது. ஆனால் எதை எதைச் சேர்த்தோம் என்ற பட்டியலை நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் தொடும் பெட்டியைப் பற்றி எனக்கு அவ்வளவு ஞாபகம் இருப்பதில்லை.

மைக்ரோடிக்கில் வயர்கார்டு ரவுட்டர்ஓஎஸ் 7இன் உள்ளேயே இருக்கிறது. 2021 டிசம்பரில் 7.1 வந்ததிலிருந்து அப்படித்தான். அப்டேட் பார், இறக்கு, ரீபூட். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், டனல் தானாக எழுந்து நிற்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே மாற்றினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அதோடு சேஃப் மோடு. டெர்மினலில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால், அல்லது வின்பாக்ஸ் என்ற நிர்வாகச் செயலியில் சேஃப் மோடு பட்டனைத் தட்டினால், அதற்குப் பிறகு செய்யும் எல்லா மாற்றமும் தற்காலிகம். பாதியில் இணைப்பு அறுந்தால் ரவுட்டர் எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிடும். இணைப்பு அறுந்ததை அது உணர ஒன்பது நிமிஷம் வரை ஆகலாம், அதுவரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கடை பிரிட்ஜில் கேமரா வீலேனை மாற்றியபோது ஒருமுறை இப்படிப் பூட்டிக்கொண்டேன். டீ போட்டுக் குடித்து முடித்தபோது டனல் வந்திருந்தது. ரயில் செலவு மிச்சம். ஒரு எச்சரிக்கை: ரவுட்டர் குறித்துவைக்கும் வரலாற்றில் 100 செயல்கள்தான் நிற்கும். அதைத் தாண்டினால் சேஃப் மோடு தானாக விலகிவிடும், எதுவும் திரும்பாது. நாலைந்து மாற்றம், சரிபார், வெளியே வா, மறுபடி உள்ளே போ என்று போவது நல்லது. லூசியிலும் இதே மாதிரி உண்டு, மாற்றத்துக்குப் பிறகு பக்கம் எட்டவில்லை என்றால் பழையதுக்குத் திரும்பும். ஆனால் அது அந்தப் பக்கத்தில் செய்யும் மாற்றத்துக்குத்தான். எஸ்எஸ்எச்சில், அதாவது கட்டளை வரியில், நுழைந்து கோப்பைத் திருத்தினால் காப்பாற்ற ஆள் இல்லை. நான் எஸ்எஸ்எச் ஆசாமி.

மைக்ரோடிக் பக்கம் எரிச்சல் இல்லையா என்றால், உண்டு. அப்டேட் போட்ட பிறகு ரவுட்டர்பூட் என்ற கீழ்நிலை ஃபர்ம்வேரைத் தனியாக ஏற்றி இன்னொரு ரீபூட் போட வேண்டும். எக்ஸ்போர்ட் என்று அடித்தால் முழு அமைப்பும் படிக்கக்கூடிய வரிகளாக வரும், அருமை. ஆனால் ஏழாம் பதிப்பில் நாம் தனியாகக் கேட்டால்தான் கடவுச்சொற்களும் வயர்கார்டு சாவியும் அதில் வரும். பேக்அப் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, பெட்டி செத்த அன்று சாவியைத் தேடுவது பரிதாபம். இன்னொரு வகை பேக்அப் பைனரி, அது அதே பெட்டிக்கானது. வேறு பெட்டியில் ஏற்றினால் மேக் முகவரிகள்கூடக் கூடவே வந்துவிடும். இந்த விஷயத்தில் ஓப்பன்தான் நேர்மை: எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள், சுருட்டி ஒரே கட்டாகத் தரும்.

அப்புறம், அப்டேட்டைத் தள்ளிப்போடும் சோம்பேறிகளுக்கு மைக்ரோடிக் ஆபத்து. 2018இல் வின்பாக்ஸில் ஓட்டை வெளிவந்தபோது திருத்தம் சீக்கிரமே வந்தது. ஆனால் போடாமல் விட்ட லட்சக்கணக்கான ரவுட்டர்களுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். நிர்வாக வாசலை இணையப் பக்கம் திறந்து வைக்காதீர்கள். டனல் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

மைக்ரோடிக் காட்டும் இன்னொரு ஆசை ஈஓஐபி என்ற டனல். இரண்டு முனையும் மைக்ரோடிக் ஆனதும் எனக்கும் வந்தது. இரண்டு இடத்தின் பிரிட்ஜையும் ஈதர்நெட் மட்டத்திலேயே ஒன்றாக்கிவிடலாம், கடையும் வீடும் ஒரே சுவிட்சில் இருப்பது போல. ரெக்கார்டரின் ஆப் ஒரே நெட்வொர்க்கில்தான் கருவியைத் தேடும் என்பதால் செய்து பார்த்தேன். மறுநாள் மாமாவின் பில் கம்ப்யூட்டருக்கு என் வீட்டு டிஎச்சிபி (முகவரி வழங்கும் சேவை) முகவரி கொடுத்துவிட்டது. பில் போடும் ஒவ்வொரு தகவலும் செங்காங் வந்துதான் வெளியே போனது. அது போதாதென்று பாக்கெட் அளவும் குறைந்தது. வயர்கார்டில் 1420 பைட், அதில் ஈஓஐபி 42 பைட் எடுத்துக்கொண்டால் 1378. எம்டியுவை (பாக்கெட்டின் உச்ச அளவு) தானாக முடிவு செய்யும் மைக்ரோடிக் பிரிட்ஜ் உறுப்பினர்களில் மிகச் சிறியதையே தன் அளவாக எடுத்துக்கொள்ளும், ஆகவே முழுப் பிரிட்ஜும் சுருங்கியது. இரண்டே நாளில் பிய்த்துவிட்டு, ஆப்பில் ரெக்கார்டரின் முகவரியைக் கையால் அடித்தேன். அதுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

இப்போது கடைக்கு 10.30, வீட்டுக்கு 10.20 என்று தொடங்கும் தனித்தனி முகவரித் தொகுதி, மூன்றாவது எண் வீலேன் எண். நடுவே சாதாரண ரவுட்டிங். இரண்டு இடத்திலும் ரவுட்டரோடு வந்த அதே முகவரித் தொகுதியை விட்டுவைத்தவர்கள்தான் பெரும்பாலும் பிரிட்ஜ் டனலைத் தேடிப் போகிறார்கள். முதல் நாளே முகவரியை மாற்றிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

வைஃபையில் மைக்ரோடிக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் அனுபவம் ஒரே ஒரு மாடல்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை, இருந்தாலும் என் வீட்டில் அது தோற்றது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வெடிகுண்டுக்குப் பதுங்கும் பாதுகாப்பறையின் சுவர் சாதாரணச் சுவர் இல்லை, கான்கிரீட் கோட்டை. அதைத் தாண்டிப் படுக்கையறைக்கு சிக்னல் போகவில்லை. பத்து கிகாபிட் இணைப்பு எடுத்தவர்களுக்கும் இந்த அலசல் உதவாது. ஹெக்ஸின் போர்ட்கள் ஒரு கிகாபிட்தான், நான் வைத்திருப்பதும் ஒரு கிகாபிட் இணைப்புதான்.

கடையிலிருந்து கழற்றிய பழைய பெட்டியை கரோசெல் விற்பனைத் தளத்தில் போட்டேன், யாரும் சீண்டவில்லை. இப்போது அது வீட்டுப் படுக்கையறை வாசலில் ஆக்சஸ் பாயிண்டாக இருக்கிறது. மைக்ரோடிக்கிலிருந்து ஒரே கேபிளில் வீட்டின் மூன்று வீலேனும் டேக்கோடு போகின்றன, ஓப்பன் அவற்றை மூன்று வைஃபை பெயர்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. பேக்கேஜ் எதுவும் சேர்க்கவில்லை. அப்டேட்டில் தொலைந்துபோக அதில் ஒன்றும் இல்லை.