எஸ்பிஎம் கெமிஸ்திரியில் சி: படிவம் ஆறா, மெட்ரிகுலேஷனா, தனியார் கல்லூரியா?

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்த மறுநாளே அக்கா ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே மகளின் முடிவுத்தாள், தனியார் கல்லூரிகளின் வழவழப்பான விளம்பரத்தாள்கள், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை அச்சடித்த ஒரு பட்டியல். "தம்பி, இவளுக்குக் கெமிஸ்திரி சி. யூஎஸ்எம் யூனிவர்சிட்டில கெமிஸ்திரியே படிக்கணும்னு நிக்குறா. எந்தக் கதவு திறக்கும்னு நீயே பாத்துச் சொல்லு."

பதினைந்து வருடமாக டியூஷன் எடுக்கிறேன். ஆண்டுதோறும் இந்தக் கேள்வி வரும். எல்லாரும் கேட்பது கதவைப் பற்றித்தான். உள்ளே போனபின் முதல் ஆறு வாரம் தாக்குப்பிடிப்பாளா என்று யாரும் கேட்பதில்லை. நான் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு அக்கா மகளிடம் ஒரு தாளையும் அவளுடைய கேசியோ கணிப்பானையும் கொடுத்தேன்.

"0.02 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிஎச் எவ்வளவு?"

பத்து விநாடி. 1.70. சரி.

"இப்ப திருப்பிக் கேக்குறேன். ஒரு கரைசலோட பிஎச் 3.40. ஹைட்ரஜன் அயனிச் செறிவு எவ்வளவு?"

கணிப்பானில் 3.40 தட்டினாள், லாக் தட்டினாள், அழித்தாள். மறுபடி தட்டினாள். "ஃபார்முலால நெகடிவ் லாக்தானே மாமா இருக்கு. இதை எப்படித் திருப்புறது?" ஷிஃப்டையும் லாக்கையும் அழுத்தி, மைனஸ் 3.40 போட்டு, 3.98 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் நான்கு என்று வந்ததும் முகம் மலர்ந்தது. பிஎச் 3-லிருந்து 4-க்குப் போனால் அமிலத்தன்மை எவ்வளவு குறையும் என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். பத்து மடங்கு.

"ஆட் மேத்ஸ்ல, கூடுதல் கணிதத்துல என்ன?"

அக்காதான் பதில் சொன்னார். "டி."

விவகாரம் அங்கேதான் இருக்கிறது. கெமிஸ்திரியில் சி வாங்கியவர்களை நான் இரண்டு வகையாகப் பிரிப்பேன். சோம்பலால் சி வாங்கியவர்கள், கணக்கால் சி வாங்கியவர்கள். முதல் வகை எந்த வழியில் போனாலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது வகைக்கு வழி தவறினால் ஒரு வருடம் போய்விடும். எஸ்பிஎம் பாடத்தில் சமநிலை மாறிலி (ஒரு வினை எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று காட்டும் எண்) கிடையாது. அதற்குப் பிறகு எந்தப் பாதையில் போனாலும் அது சீக்கிரமே வந்து நிற்கும்: கேசி, கேஏ என்ற மாறிலிகள், தாங்கல் கரைசல், தொடக்கச் செறிவு, மாற்றம், சமநிலைச் செறிவு என்று போடும் ஐஸ் அட்டவணை, அதன் வாலில் ஓர் இருபடிச் சமன்பாடு. வேதியியல் என்று பெயர் போட்டுக்கொண்டு வரும் கணக்கு.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு பொது வேதியியல் வகுப்புக்கு வெறும் பள்ளிச் சான்றிதழை மட்டும் பார்த்து எல்லாரையும் விட்டுவிடுவதில்லை. பல இடங்களில் அலெக்ஸ் என்ற கணிதத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்பார்கள். அல்லது இயற்கணித வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்பார்கள். டொலிடோ என்ற வேதியியல் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. அறுபது கேள்விகள், அதில் இருபது வெறும் கணக்கு. தேறாதவர்களை முன்னோடி வேதியியல் வகுப்பு ஒன்றில் உட்கார வைத்துவிட்டுப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். நம் ஊரில் அப்படித் தனி வாசற்படி கிடையாது. கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்) இருந்தால் உள்ளே. விழுந்தால் உள்ளேயேதான் விழவேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மெட்ரிகுலேஷன். பல்கலைக்கு முன் அரசு நடத்தும் படிப்பு இது; பினாங்குக்காரர்கள் மனத்தில் வருவது கெப்பாலா பத்தாஸ் பக்கம் இருக்கும் கல்லூரி. ஆனால் எந்த மாநிலத்தில் இடம் விழும் என்பது நம் கையில் இல்லை. இரண்டு பருவம், ஒரே வருடம், விடுதி, மாதப்படி. பெற்றோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கிடைத்தால் நல்லதுதான். கிடைப்பதுதான் பெரும்பாடு. 2019-ல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள், ஆனால் பூமிபுத்ரா (மலாய்க்காரர், மற்ற பூர்வகுடியினர்) 90, மற்றவர் 10 என்ற விகிதம் அப்படியே இருந்தது. 2024-ல் பத்து ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் உறுதி என்று அறிவித்தார்கள். பத்து ஏ எடுத்த பிள்ளைக்கு என் ஆலோசனையே தேவையில்லை. நான் பேசுவது நடுத்தட்டுப் பிள்ளைகளைப் பற்றி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அறிவியல் துறைக்குக் கூடுதல் கணிதத்திலும் கிரெடிட் கேட்பார்கள். டி வைத்திருப்பவள் வாசலிலேயே நின்றுவிடுவாள். ஒருவேளை உள்ளே போயிருந்தாலும் அது அவளுக்கு உதவியிருக்குமா? முதல் பருவத்துக்குள்ளேயே அணு அமைப்பு, தனிம வரிசை, பிணைப்பு, வாயுக்கள், வேதிச் சமநிலை, அயனிச் சமநிலை எல்லாவற்றையும் ஓட்டிவிடுவார்கள். அதுவும் ஆங்கிலத்தில். மலாயில் வேதியியல் படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு முதல் மாதம் சொற்களைப் பிடிப்பதிலேயே போய்விடும். கணக்கில் கெட்டியாக இருந்து, வேகத்துக்கு ஈடுகொடுப்பவனுக்குக் கடிதம் வந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம், பெட்டியைக் கட்டு என்பேன். மற்றவர்களுக்கு அந்த வேகம் ஒரு தண்டனை.

படிவம் ஆறு. பேரைச் சொன்னதுமே அக்கா மகள் முகம் சுருங்கியது. மறுபடியும் சீருடையா? தோழிகள் எல்லாம் கல்லூரி, நான் மட்டும் பள்ளியா? நம் சமூகத்தில் இந்த வழியைப் போக்கிடம் இல்லாதவர்களின் வழி என்று பேசியே கெடுத்து வைத்திருக்கிறோம். எனக்கு இதில் கோபமே உண்டு. 2012-லிருந்து எஸ்டிபிஎம், அதாவது படிவம் ஆறின் தேர்வு, பழைய மாதிரி இல்லை. கடைசியில் ஒரே ஒரு பெரிய தேர்வு என்ற முறை போய், மூன்று பருவமாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்றரை வருடம். முதல் பருவத்தில் இயற்பிய வேதியியல், இரண்டாவதில் கனிமத்துக்கு இடம், மூன்றாவதில் கரிமம். முதல் பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளை மறுபடி எழுதலாம். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு இந்த ஒரு வசதி போதும். லாக் பிடிபடாமல் டிசம்பரில் கவிழ்ந்தவர்கள் மறுமுறை பி பிளஸ் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வினாத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். எது கைவருகிறதோ அதில் எழுதலாம்.

செய்முறையையும் சொல்லாமல் விட முடியாது. படிவம் ஆறில், சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் பியூரெட்டைப் பிடித்துப் பிடித்துக் கை பழகிவிடும். இரண்டு தசம இடம் வரை அளவெடுப்பது, ஃபினால்ஃப்தலீன் நிறங்காட்டி வெளிர் ரோஜாவாக மாறும் ஒரே சொட்டில் நிறுத்துவது, அரைச் சொட்டைக் குடுவையின் ஓரத்தில் தொட்டு இறக்குவது. முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் பளிச்சென்று தெரியும் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று. வெளிர் ரோஜா நிறத்துக்குப் பதிலாகச் சிரப் பண்டோங் என்ற பானத்தின் அடர்ந்த நிறத்தில் குடுவையை வைத்துக்கொண்டு முழிப்பவர்களும் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. பெங்காஜியான் அம் என்ற பொதுத்தாள் கட்டாயம். அறிவியல் பிள்ளைகளின் சராசரியைக் கீழே இழுப்பது பல சமயம் அதுதான். முயெட் ஆங்கிலத் தேர்வும் எழுதவேண்டும். தாள் திருத்துவதும் கறார். பொதுப் பல்கலைக்குக் குறைந்தபட்சம் சராசரி 2.00 என்பார்கள். அது விண்ணப்பிக்கத்தான், இடம் கிடைக்க இல்லை. பொதுப் பல்கலைகளுக்கான சேர்க்கை முறையான யூபியுவில் தகுதிப் புள்ளி 90 பங்கு மதிப்பெண், 10 பங்கு புறப்பாடம். கழகத்தில் பேர் மட்டும் கொடுத்துவிட்டுக் காணாமல் போகாதே என்று ஒவ்வொரு வருடமும் தொண்டை வறளச் சொல்கிறேன்.

செலவு கிட்டத்தட்டப் பஸ் கட்டணமும் சாப்பாடும்தான்.

இனி அந்த வழவழப்பான தாள்கள். தனியார் அடிப்படைக் கல்வி, ஃபவுண்டேஷன், ஒரு வருடம். எஸ்பிஎம்மில் ஐந்து கிரெடிட் போதும் என்பது மலேசியத் தகுதி முகமை வகுத்த குறைந்தபட்சம். அறிவியலுக்கு அந்த ஐந்தில் சில அறிவியல் பாடமாக இருக்கவேண்டும். பாடம் அந்தந்தப் பல்கலை தானே வகுப்பது, தேர்வும் அவர்களே வைப்பது. அதனால் கொஞ்சம் தாராளம் இருக்கும். அதே நிறுவனத்தில் பட்டம் முடிக்கப் போகிறாய், பணமும் இருக்கிறது என்றால் சிக்கல் இல்லை. பின்னால் மனம் மாறி யூஎஸ்எம் பக்கம் திரும்பினால் அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் அங்கே செல்லாது.

என்னிடம் படித்த ஒரு பையனின் கதை. ஒரு கல்லூரியின் ஆலோசகர், "எங்க ஃபவுண்டேஷன் எங்கே வேணும்னாலும் செல்லும்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னாராம். முடித்துவிட்டு வேறு பல்கலைக்குப் போனபோது, பாடத்திட்டம் கேட்டார்கள், வேதியியல் மணிநேரம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது முறையாக அதே மோல் கணக்கு, வேறொரு வகுப்பறையில். அப்பா லோரி ஓட்டுபவர். எழுத்தில் வாங்காத வாக்குறுதிக்கு யாரைப் போய்க் கேட்பது?

ஏ லெவல் வேறு ரகம். கேம்பிரிட்ஜ் தேர்வு, உலகம் முழுக்கச் செல்லும், ஆழமும் உண்டு, செய்முறைக்கே தனித்தாள் உண்டு. செலவு சில பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்). வெளிநாட்டுக் கனவு உறுதியாக இருந்தால் எடுக்கலாம். உள்நாட்டிலேயே படிக்கப் போகிறவர், ஏறக்குறைய அதே ஆழத்தை எஸ்டிபிஎம்மில் பஸ் காசுக்குப் படிக்கலாம் என்பதை யோசிக்கட்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டம் என்று ஒன்று நடத்துகிறார்கள். எஸ்பிஎம் முடித்ததும் நேராகப் பொது வேதியியல் ஒன்று, இரண்டு என்று கல்லூரிப் பாடத்திலேயே உட்காரலாம், பிறகு அமெரிக்காவுக்கு மாறலாம். கேட்கக் குளுகுளு என்றுதான் இருக்கும். ஆனால் படிவம் ஆறில் ஒன்றரை வருடத்தில் விரித்துச் சொல்வதில் பெரும்பகுதியை இங்கே இரண்டு பருவத்தில் அடக்கிவிடுவார்கள். அக்கா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "கோலாலம்பூர்ல அறை வாடகையையே கட்ட முடியாது, அமெரிக்காவாம்" என்று மடித்து வைத்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டிப்ளோமா வழி மூன்று கிரெடிட்டில் திறக்கும். சீக்கிரம் வேலை வேண்டும் என்றால் அது நல்ல வழி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருக்கும்போது அதைக் கேவலமாகப் பேச ஒன்றுமில்லை. ஆனால் பட்டம்தான் குறி என்றால் சுற்றுவழி.

சாப்பிட்டு முடித்தபின் அக்கா மகளிடம் என் தீர்ப்பைச் சொன்னேன்: படிவம் ஆறு. வேதியியல், உயிரியல், கணிதம். "ஆட் மேத்ஸ் டி வச்சுக்கிட்டுக் கணிதமா மாமா?" என்றாள். அதைவிட்டு ஓடினால் வேதியியலும் சேர்ந்து ஓடும் என்றேன். பள்ளி உன் முடிவுத்தாளைப் பார்த்து அந்தப் பாடத்தைத் தர யோசித்தால் நேரில் போய்ப் பேசலாம், நானும் வருகிறேன். முதல் பருவம் வழுக்கினால் திரும்ப எழுத இடமிருக்கிறது. மெட்ரிகுலேஷனில் அந்த மூச்சு விடும் நேரம் இல்லை.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே இல்லை. பினஃபோர் சீருடை விஷயம் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "ஓகே மாமா, ஆனா நீங்கதான் சொல்லித் தரணும்."

வகுப்பு தொடங்கும்வரை கிடைத்த வாரங்களுக்கு ஒரு நோட்டு போட்டுக் கொடுத்தேன். அதில் வேதியியலே கிடையாது. முதல் பத்துப் பக்கம் பத்தின் அடுக்குகள், கணிப்பான் இல்லாமல். அப்புறம் அடுக்குக்குறி, லாக், அதைத் திருப்புவது. பிறகு விகிதம், அலகு மாற்றம், கன சென்டிமீட்டரை லிட்டராக்குவது. கடைசியில் இருபடிச் சமன்பாடு. நாளைக்கு ஒரு பக்கம்தான், அதற்குமேல் போடக்கூடாது. நேற்று இரவு பதினான்காம் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஐந்தாவது கணக்கில் மைனஸ் குறியை விட்டிருக்கிறாள்.