மாணவர் விசாவுக்காக வேலூரில் நாங்கள் நாடிய ஆலோசனை அலுவலகம்

என் மகள் 2025 செப்டம்பரில் இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தாள். விண்ணப்பம் முதல் விசா வரை எல்லாவற்றையும் வேலூரில் உள்ள ஓர் ஆலோசனை அலுவலகத்தின் துணையோடு செய்தோம். குடியாத்தத்திலிருந்து ஐந்து மாதம் பேருந்தில் போய்வந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அவர்கள் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. சேர்க்கை முடிந்தபின் பல்கலைக்கழகம் தரும் கமிஷனே தங்கள் வருமானம் என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்படியானால் அவர்கள் தரும் பட்டியலில் எந்தப் பல்கலைக்கழகங்கள் இருக்கும் என்பது புரிந்ததால், மகள் தானே தேடிய இரண்டையும் சேர்க்கச் சொன்னோம். முகம் சுளிக்காமல் சேர்த்தார்கள்.

அங்கே மனதார பாராட்ட வேண்டியது நேர்காணல் பயிற்சி. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த என் மகளுக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தது. அங்கிருந்த பெண் அலுவலர் மூன்று முறை தனியாக உட்கார வைத்து, இந்தப் படிப்பு ஏன், இந்தப் பல்கலைக்கழகம் ஏன், முடித்தபின் என்ன செய்வாய் என்று கேட்டு, மனப்பாடமாக வந்த பதில்களை எல்லாம் ஒதுக்கி, அவள் சொந்தச் சொற்களில் பேசும்வரை விடவில்லை. பிறப்புச் சான்றிதழில் மகளின் பெயர் பதியப்படாமல் இருந்ததையும் அவரே முதலில் கவனித்து, நகராட்சிக்கு அனுப்பிப் பெயரைச் சேர்க்க வைத்தார். பெற்றோர் கணக்கில் உள்ள பணத்தைக் காட்டும்போது உறவை நிரூபிக்க அந்தச் சான்றிதழும் எங்கள் சம்மதக் கடிதமும் கட்டாயம்.

பணத்தைப் பற்றிய ஆலோசனையில்தான் அலுவலகம் பெரிதும் தவறியது. லண்டனுக்கு வெளியே படிப்பவர், அன்றைய விதிப்படி வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண்டும், செலுத்தாமல் மீதமுள்ள முதலாண்டுப் படிப்புக் கட்டணமும் கணக்கில் காட்ட வேண்டும். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள், ஒரு நாள்கூடக் குறையாமல் இருக்க வேண்டும். ஆனால் எங்களிடம் சராசரி இருப்பு போதும் என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பதாம் நாள் என் காப்பீட்டுத் தவணை தானாகப் பிடிக்கப்பட்டு இருப்பு இறங்கியது. பிரிட்டிஷ் அரசின் விதிகளை ஓர் இரவு முழுவதும் படித்த மகள்தான், எண்ணிக்கையை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள். ஏறக்குறைய மூன்று வாரம் வீணாயிற்று. வங்கிக் கல்விக் கடன் வாங்குவோருக்கு இந்த 28 நாள் கணக்கு இல்லை என்பதையும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். மாறாக, வீட்டுக்கும் நிலத்துக்கும் ஆடிட்டரிடம் மதிப்பீட்டுச் சான்று வாங்கச் சொன்னார்கள். ஐயாயிரம் ரூபாய் செலவழித்து வாங்கிய அந்தக் காகிதத்துக்கு இந்த விண்ணப்பத்தில் இடமே இல்லை.

அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்காக விசா விண்ணப்பத்தோடு கட்டும் சுகாதாரக் கட்டணத்திலும் இதே கவனக்குறைவு. ஆண்டுக்கு 776 பவுண்டு என்று மட்டும் சொன்னார்கள். ஓராண்டுப் படிப்பு முடிந்தபின்னும் விசா நான்கு மாதம் நீள்வதால், கூடுதல் மாதங்களுக்கு அரையாண்டுத் தொகையும் சேர்ந்து 1,164 பவுண்டு கட்டினோம்.

காசநோய்ப் பரிசோதனைக்கும் கைரேகைப் பதிவுக்கும் சென்னையில் நேரம் வாங்கித் தந்ததில் குறையில்லை. காட்பாடியில் காலை ரயிலேறினால் சரியாகப் போய்ச் சேரும் நேரமாகப் பார்த்துத் தந்தார்கள்.

சென்ற மாதம் என் தங்கை மகனை அதே அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். வாழ்க்கைச் செலவுக்குக் கணக்கில் காட்ட வேண்டிய மாதத் தொகை 2025 நவம்பர் 11 முதல் 1,171 பவுண்டாக உயர்ந்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த தாளில் இன்னும் பழைய தொகையே இருந்தது. நான் எடுத்துச் சொன்ன பிறகு, எங்கள் கண்முன்னே அதைத் திருத்தி எழுதினார்கள்.