ஒரே வேலைக்கு மூன்று கவர் லெட்டர்

காட்பாடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பக்கம் கல்யாணப் பத்திரிகை, இன்னொரு பக்கம் பயோடேட்டா. பயோடேட்டா அடிக்க வருகிறவர்கள் கிளம்பும்போதுதான், “அண்ணா, கவர் லெட்டரும் கேக்கறாங்களாம், ஒண்ணு போட்டுக் குடுங்க” என்பார்கள், ஏதோ உறை ஒன்று கேட்கிற மாதிரி.

அப்படி வந்த ஒரு பெண், எம்எஸ்சி வேதியியல் முடித்தவள். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில் லேப் கெமிஸ்ட் வேலைக்கு மெயில் அனுப்ப வேண்டும். அன்று கடையில் கூட்டமில்லை. ஒரே வேலைக்கு மூன்று கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

முதலாவது, என் கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய ஃபைல். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும், நடுவில் ‘எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்’ வரும், மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும்படி உழைப்பேன் என்ற உறுதியோடு முடியும். வெள்ளைக்காரர் காலத்து மனுவின் வாசனை இன்னும் போகவில்லை. ஆனால் பிழை இருக்காது, ஐந்து நிமிடத்தில் பிரிண்ட் கையில் இருக்கும். கெடுதல் என்னவென்றால், அது கணக்காளருக்கும் பொருந்தும், நர்ஸுக்கும் பொருந்தும். ஒருமுறை அவசரத்தில் முந்தைய பையன் விண்ணப்பித்த கம்பெனியின் பெயரை மாற்றாமலே அடுத்தவருக்கு அடித்துக் கொடுத்துவிட்டேன். அவரும் பார்க்கவில்லை, அப்படியே அனுப்பிவிட்டார். தப்பு என்னுடையதுதான். ஆனால் அடித்தவனும் படிக்காமல், அனுப்பியவரும் படிக்காமல் ஒரு கடிதம் போக முடிகிறது என்றால், வாங்குகிறவர் மட்டும் ஏன் படிக்கப் போகிறார்?

இரண்டாவது அவள் போனிலேயே இருந்தது, சாட்ஜிபிடி எழுதியது. ஆங்கிலம் வழவழவென்று ஓடியது. இந்த வேலைக்கு விண்ணப்பிப்பதில் ‘த்ரில்ட்’ ஆக இருக்கிறாளாம். கழிவுநீர் லேபுக்குப் போக யார் த்ரில் ஆகிறார்கள்? அதையாவது சிரித்துவிட்டு விடலாம். நாலாவது வரியில், அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவியில் குரோமியம் அளந்த அனுபவம் உண்டு என்று இருந்தது.

“இந்த மெஷின்ல வேலை பார்த்திருக்கியாம்மா?”

“எங்க டிபார்ட்மெண்ட்ல ஒண்ணு இருந்துச்சுண்ணா. வெளிய நின்னு பார்த்திருக்கோம்.”

‘தோல் ஆலை, லேப், கெமிஸ்ட்’ என்று மூன்று சொல் கொடுத்தால், மிச்சத்தை அது தானாகவே நிரப்பிவிடுகிறது. நேர்காணலில் அந்தக் கருவியைப் பற்றி முதல் கேள்வி கேட்டால் இவள்தானே பதில் சொல்ல வேண்டும்? என் பழைய ஃபைல் வெறும் காலிப் பாத்திரம், ஆபத்தில்லை. இது ஆபத்து.

மூன்றாவது கடிதத்தை ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் ஆரம்பித்தோம். புராஜெக்ட் என்ன செய்தாய் என்று கேட்டேன். “பாலாத்தங்கரை கெணத்துத் தண்ணிண்ணா,” என்றாள் சாதாரணமாக. அப்புறம் கேட்கக் கேட்க வந்தது. 14 கிணறுகளுக்கு அப்பாவின் டிவிஎஸ் 50-இல் போய்த் தண்ணீர் எடுத்திருக்கிறாள். கடினத்தன்மைக்கு ஈடிடிஏ டைட்ரேஷன், அதாவது ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தில் அளப்பது, ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று தடவை. ஒயின் சிவப்பு நீலமாக மாறுகிற அந்த ஒரு சொட்டைத் தாண்டிவிட்டால், ரீடிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். எந்தெந்தக் கிணறு அந்த 600-ஐத் தாண்டியது என்று நோட்டில் பார்க்காமலே சொன்னாள். இதில் ஒரு வார்த்தைகூட முதல் இரண்டு கடிதங்களிலும் இல்லை.

அந்த நிலையத்துக்கு வேண்டியதும் இதுதான். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாமல் இங்கே தோல் ஆலை நடத்த முடியாது. உள்ளே வரும் தண்ணீர், வெளியே போகும் தண்ணீர், தண்ணீரில் கரைந்திருப்பதைக் காட்டும் டிடிஎஸ், அழுக்கின் அளவைக் காட்டும் சிஓடி, பிஓடி என்று தினமும் ஒரே வேலையைப் பிசகாமல் செய்கிற கை வேண்டும். மூன்று தடவை டைட்ரேட் செய்தவள் என்பது, ‘ஹார்ட் ஒர்க்கிங், சின்சியர்’ சொல்ல முடியாததைச் சொல்லிவிடும்.

கடைசி வரி அவளே போட்டது. பிஓடி பார்க்க மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும். வியாழக்கிழமை வைத்தால் ரீடிங் எடுக்க ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு யாராவது வந்தாக வேண்டும். ‘ஞாயிறு ரீடிங்குக்கு வரத் தயார்’ என்று எழுதினாள். வேலை என்னவென்று தெரிந்தவர்தான் இதை எழுத முடியும். எனக்கு அந்த வரி தோன்றியிருக்காது.

மூன்றாவதிலும் குறை உண்டு. ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆங்கிலத்தில் ‘எ’, ‘தி’ எல்லாம் தாறுமாறு. அதற்குத்தான் சாட்ஜிபிடியைக் கூப்பிட்டோம். இலக்கணத்தை மட்டும் திருத்து, புதிதாக எதையும் சேர்க்காதே என்று சொன்னால் கேட்கிறது. அப்போதும் ஒரு ‘பேஷனேட்’ நுழைந்தது, எடுத்துவிட்டோம். அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை.

எல்லாருக்கும் இந்தப் பாடு தேவையில்லை. டிஎன்பிஎஸ்சிக்குக் கவர் லெட்டரே கிடையாது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வாக்-இன்னுக்குப் போகிறவர்களுக்கு, லெட்டர் கட்டாயம் என்றால் என் பழைய ஃபைலே போதும். அங்கே ஆளை நேரில் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள். மெயிலில் போகும் வேலைக்கு மட்டும் மூன்றாவது வழி. கடிதத்தை மெயிலிலேயே எழுதிவிடுங்கள், பிடிஎஃப் ஆக ரெஸ்யூம் மட்டும் போகட்டும். இரண்டு பிடிஎஃப் வந்தால் ஒன்றைத்தான் திறப்பார்கள், அது ரெஸ்யூமாகத்தான் இருக்கும். ஃபைலுக்கு உங்கள் பெயரை வையுங்கள். ‘நியூ டாகுமெண்ட் 1’ என்ற பெயரில் என் கடையிலிருந்தே எத்தனை போயிருக்கும் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவள் மெயிலை அனுப்பிவிட்டுக் கிளம்பினாள். பக்கத்தில் ஜெராக்ஸுக்கு நின்றிருந்த ஒரு பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிகாம் என்றான்.

“அண்ணா, அந்த அக்காவோட லெட்டர் நல்லா இருக்கு. எனக்கும் அதையே போடுங்க, பேரை மட்டும் மாத்திக்கறேன்.”