பல்லைக் காப்பாற்றுவதா, பிடுங்குவதா? பாலிசி எந்தப் பக்கம் நிற்கும்?

கடைவாய்ப்பல்லில் சொத்தை நரம்பு வரை இறங்கிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டியதும் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான்: "பிடுங்கிட்டா செலவு மிச்சம்தானே?" அன்றைய பில்லை மட்டும் பார்த்தால் மிச்சம்தான். ஆனால் பிடுங்கிய பிறகு வருகிற பில்லையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வேர் சிகிச்சை (ரூட் கெனால்), அதாவது பல்லைப் பிடுங்காமல் உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், அவற்றுக்குள் நரம்பு ஓடும் மூன்று கால்வாய். ஊசி போல மெல்லிய ஃபைலை டாக்டர் ஒவ்வொன்றிலும் இறக்க, உதட்டோரம் கொக்கி மாட்டிய சின்னக் கருவி வேர் நுனி நெருங்க நெருங்க பீப் பீப் என்று கத்தும். மரத்துப்போக ஊசி போட்டிருப்பதால், வலியைவிட அவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பதுதான் பாடு. பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகு: வலி போய்விட்டது, அப்புறம் எதற்குப் பல்லின் மேல் உறை போல மாட்டும் கேப் என்று விட்டுவிடுகிறார்கள், ஒருநாள் எதையோ கடிக்கும்போது பல் பிளந்து, கடைசியில் அதையும் பிடுங்க வேண்டியதாகிறது.

பிடுங்கினால்? பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் அந்த இடத்தை நோக்கி இறங்கும், தாடை எலும்பு கரையும். ஞானப்பல் என்றால் கவலையில்லை, அந்த இடத்தை நிரப்பவே வேண்டாம். வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலும் பிடுங்குவதுதான் சரி. மற்றபடி காலி இடத்துக்கு மூன்று வழி. கழற்றி மாட்டும் பல்செட் மலிவு, ஆனால் பழகச் சிரமம். பிரிட்ஜ், அதாவது இரு பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் செயற்கைப் பல், சீக்கிரம் முடியும், அதற்காக இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவ வேண்டும்; நல்ல பற்களாக இருந்தால் எனக்கு மனசு வராது. இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கை வேர், அவற்றைத் தொடாது. 1965-ல் ஸ்வீடன் மருத்துவர் பிரானமார்க் முதல் நோயாளிக்குப் பொருத்திய அதே டைட்டானியம்தான் இன்றும் அதிகம் புழங்குகிறது. ஆனால் எலும்போடு ஒட்டச் சில மாதம் பிடிக்கும், செலவும் மூன்றில் இதுதான் அதிகம்.

இனி காப்பீடு. பொது மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் விபத்தில் அடிபட்ட பல்லுக்குத்தான் பணம் தரும், சொத்தைக்குத் தராது. தனிப் பல் காப்பீட்டில் பரிசோதனைக்கும் சுத்தம் செய்வதற்கும் தாராளம். கேப், பிரிட்ஜ் என்று போனால் கை சுருங்கும், காத்திருப்புக் காலமும் ஆண்டு உச்சவரம்பும் குறுக்கே நிற்கும். அதைவிட மோசம், பாலிசி எடுப்பதற்கு முன்பே போன பல்லின் இடத்தை நிரப்பப் பணம் கிடையாது என்று சில திட்டங்களில் ஒரு வரி இருக்கும். இன்று மலிவு என்று பிடுங்கிவிட்டு அடுத்த வருஷம் பாலிசி எடுத்து இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள். இன்னும் சில திட்டங்கள் இம்பிளான்ட் வைத்தாலும் பல்செட்டுக்கு ஆகும் தொகையை மட்டும் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும்.

அதனால் என் ஓட்டு, காப்பாற்ற முடிகிற பல் என்றால், வேர் சிகிச்சையும் கேப்பும்தான். இரண்டுக்கும் சேர்த்தே மதிப்பீடு வாங்கி, வலி பொறுக்கிற அளவில் இருந்தால் வேலையை ஆரம்பிக்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த மதிப்பீட்டில், ஒவ்வொரு பல்லையும் குறிக்க டாக்டர்கள் எழுதும் பல் எண்ணையும் ஒருமுறை பாருங்கள்: பல நாடுகளில் 36 என்றால் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல், 46 என்றால் அதே பல் வலது பக்கம். எண் மாறினால் கிளெய்ம் திரும்பி வந்துவிடும்.