பயாப்சி துண்டு எந்தப் பாட்டிலுக்குள் போகிறது என்று கேளுங்கள்

கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி, பயாப்சி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா? ஆபரேஷன் தியேட்டருக்குள் ஆள் போவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். வெட்டி எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் என்கிற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால், அதில் டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. முடியாத டெஸ்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, ‘கிருமி வளரவில்லை’ என்று ரிப்போர்ட் கொடுக்கிற லேபும் இருக்கிறது. எங்கள் அண்ணிக்கு அதுதான் நடந்தது.

அண்ணிக்குக் கழுத்தின் இடப்பக்கம் வரிசையாக நெறி கட்டியிருந்தது. மாலையானால் லேசான காய்ச்சல், எடையும் இறங்கிக்கொண்டே வந்தது. இந்த அறிகுறிகள் டி.பி.க்கும் பொருந்தும், லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் பொருந்தும். எது என்று தெரியாமல் மருந்தைத் தொடக் கூடாது என்பதால் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒரு கட்டியை முழுதாக எடுத்தார்கள். எடுத்ததை ஒரே பாட்டிலில் போட்டு, கீழ்த்தளத்தில் இருந்த லேபுக்கு அனுப்பினார்கள். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டில் ‘கிரானுலோமா’ என்று வந்தது. உடம்பு ஏதோ ஒன்றை வளைத்துக் கட்ட முயலும்போது செல்கள் கூடி உண்டாகிற சிறு முடிச்சுதான் கிரானுலோமா. நம் நாட்டில் அதற்கு முதல் சந்தேகம் டி.பி.தான். ஆனால் பூஞ்சைத் தொற்றிலும் வரும், சார்கோய்டோசிஸ் என்ற நோயிலும் வரும், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா உள்ள கட்டியிலும் வரலாம். அதனால் ‘கிரானுலோமா’ என்பது பாதிப் பதில்தான். டி.பி. கிருமியைக் காட்டுகிற சீல்-நீல்சன் சாயம் போட்டும் பார்த்திருந்தார்கள், கிருமி தெரியவில்லை. அதை வைத்து டி.பி. இல்லை என்று சொல்ல முடியாது. சளியிலேயே ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 5,000 முதல் 10,000 கிருமி இருந்தால்தான் அந்தச் சாயத்தில் கண்ணில் படும். நெறிக்கட்டியில் கிருமி அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சர்ஜன் டி.பி. கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட், எழுதிக் கொடுத்தார். கவுன்டரில் இருந்தவர், “சாம்பிள் எங்ககிட்டயே இருக்கு சார், பணம் மட்டும் கட்டிட்டுப் போங்க” என்றார். கூடவே டி.பி. எதிர்ப்புப் புரதம் பார்க்கிற ரத்த டெஸ்டையும் பேக்கேஜில் சேர்த்துவிட்டார்கள். அந்த வகை ரத்த டெஸ்டுகளால் டி.பி.யைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று 2011-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லி, 2012-இல் மத்திய அரசு அவற்றைத் தடையே செய்துவிட்டது. இன்னமும் கவுன்டரில் விற்கிறார்கள் என்றால் என்ன துணிச்சல்!

கல்ச்சர் ரிப்போர்ட் ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது. வளர்ச்சி இல்லை. அதைப் பார்த்துவிட்டு, டி.பி. இல்லை போலிருக்கிறது, சார்கோய்டோசிஸாக இருக்கலாம், ஸ்டீராய்டு ஆரம்பிப்போமா என்ற பேச்சு எழுந்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. டி.பி. உள்ளவருக்கு டி.பி. மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமிக்கு வழி திறந்துவிட்ட மாதிரி. லிம்ஃபோமாவாக இருந்தாலோ, ஸ்டீராய்டு கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி, அடுத்த பயாப்சியில் நோய் தெரியாதபடி மறைத்துவிடும்.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பேத்தாலஜி துறையில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு ஸ்லைடும், சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும் வேண்டும். லேபில் ஸ்லைடு மட்டும் தருவோம், பிளாக் தர மாட்டோம் என்றார்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்து கேட்கிற உரிமை இருக்கிறது, முடியாது என்றால் அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்ட பிறகுதான் பிளாக் கைக்கு வந்தது.

மருத்துவக் கல்லூரியில் இருந்த பேத்தாலஜிஸ்ட் அம்மா ஸ்லைடைப் பார்ப்பதற்கு முன்பே காகிதங்களைப் பார்த்தார். “தம்பி, இந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சுப் படிங்க” என்றார். பயாப்சி ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே, ஃபார்மலினில் பெறப்பட்ட ஒரே துண்டு, முழுவதும் பிளாக் செய்யப்பட்டது என்று இருந்தது. அப்படியானால் கல்ச்சருக்கு எந்தச் சதையைப் போட்டார்கள்?

அவர் பொறுமையாக விளக்கினார். பயாப்சிக்கு வைக்கிற ‘10 சதவீத’ ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம். அது சதையின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமல் நிறுத்துகிறது. அப்புறம் மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க இது கட்டாயம் வேண்டும். ஆனால் அதே ஃபார்மலின் கிருமியையும் கொன்றுவிடும். செத்த கிருமி எதிலும் வளராது. இன்னொன்றும் சொன்னார்: டி.பி. கிருமி மிக மெதுவாக வளர்வது, திரவ ஊடகத்தில் போட்டால்கூட 42 நாள் பார்த்த பிறகுதான் ‘வளரவில்லை’ என்று எழுதுவார்கள், திட ஊடகம் என்றால் 8 வாரம். ஒரு வாரத்தில் வந்த ‘இல்லை’ எப்படிப்பட்ட இல்லை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிளாக் வீண்போகவில்லை. அதிலிருந்து புதிதாகச் சீவி, செல் எந்த வகை என்று காட்டுகிற சி.டி.15, சி.டி.30 முதலிய இம்யூனோ மார்க்கர்களைப் போட்டு ஹாட்ஜ்கின் செல்கள் இல்லை என்று உறுதி செய்தார்கள். பூஞ்சைக்கான வெள்ளிச் சாயமும் போட்டார்கள், அதிலும் எதுவும் இல்லை. பிறகு கழுத்தில் மீதமிருந்த கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஃபார்மலின் படாமல் சிபிநாட் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அந்த இயந்திரம் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது; சுமார் 2 மணி நேரத்தில் முடிவு சொல்லும், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி பணியுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். டி.பி. இருந்தது, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. டெஸ்டும் இலவசம், 6 மாத மருந்தும் அரசுத் திட்டத்தில் இலவசம். அண்ணிக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது, சாப்பிடுகிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நெறிக்கட்டி எடுக்கப் போகிறார்கள் என்றால், சர்ஜனிடம் முன்னாடியே கேளுங்கள்: “சார், ஒரு பாதி ஃபார்மலின்ல, ஒரு பாதி சலைன்ல போடுவீங்களா?” நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார். சலைனில் இருக்கிற துண்டு ஸ்டெரைல் பாட்டிலில், அன்றைக்கே, நேரம் கடத்தாமல் லேபுக்குப் போக வேண்டும். லிம்ஃபோமா சந்தேகம் பலமாக இருந்தால் செல்களை வகைபிரித்துப் பார்க்கிற ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்டுக்கும் ஃபார்மலின் படாத சதைதான் வேண்டும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டில் லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள். சாம்பிளை எடுத்துக்கொண்டு போகிறவர் நீங்கள்தான் என்றால், எந்தப் பாட்டில் எந்த டெஸ்டுக்கு என்று கோரிக்கைப் படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முழுத் துண்டும் ஏற்கெனவே ஃபார்மலினுக்குள் போய்விட்டது என்றால் கல்ச்சருக்குப் பணம் கட்டாதீர்கள். மெழுகு பிளாக்கிலிருந்து மரபணு டெஸ்ட் செய்ய வழி உண்டு, ஆனால் புதுச் சதையில் செய்வது போல அவ்வளவு நம்ப முடியாது. பேத்தாலஜிஸ்டிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

லேபில் போய்க் கேட்டோம். முதலில் டெக்னிக்கல் டீமிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அப்புறம், புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கல்ச்சர் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. அங்கே 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஃபார்மலினில் போன துண்டுக்குக் கல்ச்சர் ரிப்போர்ட் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், பில்லையும் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.