நான்கு ஆண்டுகளாக ஒரு வன்தட்டும் அதன் பூட்டுகளும்

யாழ்ப்பாண நகருக்கு அண்மையில் சிறிய நிழற்பட நிலையம் ஒன்றை நடத்தி வருகிறேன். திருமணங்களும் சாமத்திய வீடுகளுமே (பூப்புனித நீராட்டு விழாக்கள்) தொழிலின் பெரும்பகுதி. 2021 இல் வாங்கிய 2 ரெராபைற் கையடக்க வன்தட்டு ஒன்று நிலையத்துக்கும் வீட்டுக்கும் அல்பம் அச்சிடும் கடைக்கும் இடையே என் பையில் அலைந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் படங்கள் அதில் இருப்பதால், தட்டு தொலைந்தால் பணம் போவதை எண்ணி நான் அஞ்சியதில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு என்ன பதில் சொல்வது என்பதே என் கவலையாக இருந்தது.

வாங்கியபோது அது, கோப்புகளைத் தட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபற் (exFAT) முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று எழுதி வைக்க இடமே இல்லை. ஆகவே அதற்கு இடமுள்ள என்ரிஎஃப்எஸ் (NTFS) முறைக்கு மாற்றி, கோப்புறையின் பண்புகளில் பாதுகாப்பு என்ற பக்கத்துக்குச் சென்று, என் கணக்கைத் தவிர மற்றெல்லாவற்றையும் நீக்கினேன். நிலையக் கணினியில் உதவியாளரின் கணக்கிலிருந்து திறக்க முயன்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. பூட்டு விழுந்துவிட்டது என்று நம்பி ஏறத்தாழ ஓராண்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி அல்பம் அச்சிடும் கடையில் கலைந்தது. நான் தவறுதலாகப் பூட்டிய கோப்புறை ஒன்றை அங்கே திறக்க முடியாமல் நின்றபோது, கணினியில் இருந்த தம்பி, "ஒரு நிமிசம் பொறுங்கோ அண்ணா" என்று சொல்லி, கோப்புறையின் உரிமையாளரைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். கடவுச்சொல் எதையும் அவர் கேட்கவில்லை. அந்தக் கணினியின் நிர்வாகிக் கணக்கில் அவர் இருந்ததே போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அனுமதிப் பட்டியலில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட இலக்கம் ஒன்று ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஏறியிருந்தது. விண்டோஸ் ஆட்களைப் பெயரால் அறிவதில்லை. இத்தகைய இலக்கத்தாலேயே அறிகிறது. அந்த இலக்கத்தை வழங்கிய கணினிக்கு வெளியே அதற்குப் பொருளில்லை. அதே காரணத்தால், பின்னர் என் கணினியில் விண்டோஸை மீள நிறுவியபோது, அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் இருந்தும், என் சொந்தத் தட்டு என்னையே அந்நியனாக நடத்தியது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினிகளிலோ இந்த அனுமதிகள் பெரும்பாலும் கவனிக்கப்படுவதே இல்லை.

அதன் பிறகே, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவையே உருமாற்றி வைக்கும் மறைகுறியாக்கத்துக்கு மாறினேன். நிலையக் கணினியில் விண்டோஸின் புரோ பதிப்பு இருந்ததால், விண்டோஸின் மறைகுறியாக்க வசதியான பிட்லொக்கரை அங்கே இயக்க முடிந்தது. வீட்டு மடிக்கணினியின் ஹோம் பதிப்பில் பூட்டிய தட்டைத் திறக்கலாமே தவிர, புதிதாகப் பூட்ட வசதியில்லை. அப்போது 2022 இன் நீண்ட மின்வெட்டுக் காலம். மின்சாரம் இருந்த மணித்தியாலங்களைக் கணக்கிட்டு, மின் போகுமுன் வேலையை இடைநிறுத்தி, மின் வந்ததும் தொடர்ந்து, மூன்று நாட்களில் முடித்தேன். படங்களைத் திருத்தும்போது வேகக் குறைவு எதையும் நான் உணரவில்லை.

கடவுச்சொல் மறந்தால் தட்டைத் திறக்க உதவும், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலை அச்சிட்டு, காணி உறுதிகள் இருக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். தன் திறவுகோலைப் பூட்டிய தட்டிலேயே சேமித்து வைத்த தொழில் நண்பர் ஒருவரையும் அறிவேன். வீட்டைப் பூட்டித் திறப்பை உள்ளே போட்ட கதைதான். தன்னியக்கமாகத் திறக்கும் வசதியைச் சில மாதங்கள் பயன்படுத்திவிட்டு நிறுத்தினேன். அந்தக் கணினியின் முன் என் கணக்கில் யார் அமர்ந்தாலும் தட்டு திறந்து கொடுத்தது.

சாமத்திய வீட்டுப் படங்களுக்கு மட்டும், தட்டுக்குள்ளேயே வெராகிரிப்ட் என்ற மறைகுறியாக்க மென்பொருள் மூலம் 200 கிகாபைற் கொள்கலன் (பல கோப்புகளைப் பூட்டி வைக்கும் ஒரே பெரிய கோப்பு) ஒன்றை உருவாக்கி, வேறு கடவுச்சொல் இட்டேன். திருமணப் படங்களுக்காகத் தட்டைத் திறக்கும்போதும் பிள்ளைகளின் படங்கள் மூடியே கிடக்கின்றன. இதில் எனக்குக் குறையும் உண்டு: அளவை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, வெளியார் கணினியில் நிறுவாமல் இயக்குவதற்கும் நிர்வாகி அனுமதி தேவைப்படுகிறது. கொள்கலனைத் திறப்பதற்கான தகவல்கள் இருக்கும் தலைப்பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல்லாலும் பயனில்லை என்பதால், அதன் பிரதியை வேறிடத்தில் வைத்திருக்கிறேன். பூட்டிய தட்டையும் எவரும் முழுவதுமாக அழித்துவிடலாம். அதற்காக இரண்டாவது தட்டொன்று, அதுவும் பூட்டப்பட்டு, வீட்டில் இருக்கிறது.

அச்சுக் கடைக்கு இப்போது வன்தட்டு போவதில்லை. தெரிவு செய்த படங்களைச் சிறிய பென் டிரைவ் ஒன்றில் கொடுத்து, வேலை முடிந்ததும் வாங்கி அழிக்கிறேன். பழைய என்ரிஎஃப்எஸ் அனுமதிகளையும் நான் முற்றாகக் கைவிடவில்லை. நிலையக் கணினியில் உதவியாளரின் கணக்கு நிர்வாகிக் கணக்கு அன்று. மூலப் படங்களை அவர் பார்க்கலாம், அழிக்க முடியாது. சென்ற மாதம் ஒரு திருமணத்தின் மூலக் கோப்புறையைத் தவறுதலாக அழிக்கப் போய், கணினி மறுத்ததாக அவரே வந்து சொன்னார்.