வெளியே அனுப்புவதா, வீட்டிலேயே வளர்ப்பதா?

ஜமைக்கா, சிங்கப்பூர் இரண்டும் சின்னத் தீவுகள்தான். வலைப்பந்தில் (நெட்பால்) போன வழி வேறு.

ஜமைக்காவின் முன்னணி வீராங்கனைகள் வெளிநாட்டு லீக்குகளில் ஆடுகிறார்கள். ஆறரை அடி உயர ஜானீல் ஃபௌலர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர அணியான வெஸ்ட் கோஸ்ட் ஃபீவருக்குக் கோல்களைக் குவித்தவர். வாராவாரம் உலகத்தரத் தடுப்பாட்டத்தைச் சந்தித்த பழக்கம் 2022 காமன்வெல்த் விளையாட்டில் தெரிந்தது. முதல் சுற்றில் ஆஸ்திரேலியாவையே சாய்த்தார்கள். இறுதியில் அதே அணியிடம் 51-55 எனத் தோற்று வெள்ளி.

சிங்கப்பூர் உள்ளூர் லீக், பள்ளிப் போட்டி, வெளிநாட்டு அணிகளை அழைத்து நடத்தும் நேஷன்ஸ் கோப்பை என வீட்டிலேயே வளர்க்கிறது. 2012, 2014 ஆசியப் பட்டங்கள் வந்தன. உலகக் கோப்பை என்றால்தான் திணறல். (வீராங்கனைகளின் உயரக் குறைவும் ஒரு காரணம், சரி.)

என் ஓட்டு ஜமைக்காவுக்கே. ஆனால் அங்கே தேசிய அணி முழுதாகச் சேர்ந்து பயிற்சி எடுப்பது குதிரைக்கொம்பு; சிங்கப்பூருக்கு அந்தத் தலைவலி குறைவு.